பின்சில்லும் வெண்பனியும்

கனடாவில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நல்ல மாதம் ஒக்ரோபர். மேப்பிள் இலை உதிரத் தொடங்கியதும் அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலை பிடித்துவிடும். எங்கே மூடி வைப்பது, ஏப்ரல் வரை கராஜ் வாடகையை எப்படிக் கட்டுவது என்று யோசிக்கத் தொடங்குவார்கள். விலை தானாக இறங்கும். 1998 ஒக்ரோபரில் நான் வாங்கியது அப்படி விலை இறங்கிய ஒரு போர்ஷே 944. 1986ஆம் ஆண்டு மொடல். நான்கு சிலிண்டர், 2.5 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், பட்டனை அமர்த்தினால் மேலெழும்பும் முன்விளக்குகள், பின்னால் கதவு முழுவதும் கண்ணாடி. ஏபிஎஸ் கிடையாது. சறுக்கினால் குறுக்கே வந்து காப்பாற்றும் மின்னணு ஏற்பாடு எதுவும் கிடையாது. எஞ்சின் முன்னால், ஓடுவது பின்சில்லு.

குளிர்காலத்தில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று விற்றவர் கேட்டார். வைக்கப் போவதில்லை, ஓடப் போகிறேன் என்றேன். சாவியைப் பிடித்திருந்த விரல்களை அவர் உடனே விடவில்லை.

என்னிடம் வேறு கார் இருக்கவில்லை. ஸ்காபரோவில் வீடு, மார்க்கத்தில் இரவு வேலை. வேலை முடியும் நேரத்துக்கு பஸ் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய காரும் அதுதான், அன்றாடம் சோறு போடும் காரும் அதுதான். தெரிந்தவர்கள் எல்லோரும் முன்சில்லில் ஓடும் கொரோல்லாவும் சிவிக்கும் வைத்திருந்தார்கள். முதல் பனி விழுமுன் விற்றுவிடு என்பதே பொதுவான புத்திமதி. வேறு சொன்னவர் ஒருவர்தான். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ரக்சி ஓடும் அண்ணை. கீழே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். ரயரைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, பின்சில்லு கார் ஸ்னோவுக்கு உதவாது எண்டு ஆரும் சொன்னால் கேட்டுக்கொண்டு நிக்காதையும். நான் பத்து வரியமா ஓடுறது என்ன காரெண்டு பாரும். பொலிஸ்காரன் ஓடுறது என்ன காரெண்டு பாரும்."

அவர் சொன்னது உண்மை. அந்த நாட்களில் ரொறொன்ரோ ரக்சிகளில் பாதிக்கு மேல் போர்ட் கிரவுன் விக்ரோரியா என்றுதான் கண்ணுக்குப் படும். பொலிஸ் கார்களும் அதே. அத்தனையும் பின்சில்லு. அதற்கு முன் எண்பதுகள் வரைக்கும் வட அமெரிக்காவில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை பின்சில்லில்தான் ஓடின. சஸ்காச்சுவானில் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிப் போன தகப்பனும் கியூபெக்கில் பிரசவத்துக்கு விரைந்த வைத்தியரும் பின்சில்லை நம்பித்தான் போனார்கள். ஒரு தலைமுறைக்குள் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

எனக்கும் பின்சில்லு புதிதல்ல. நான் கார் ஓடப் பழகியது யாழ்ப்பாணத்தில், சித்தப்பாவின் மொறிஸ் மைனரில். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் ஊர் முழுக்க ஓடிய காலம். மைனர் 1948இல் வெளிவந்த கார், ஆனால் போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாதபோது கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைத்தோம். அதுவும் ஓடியது. மணற்காட்டுப் பக்கம் ஒரு தரம் போனபோது பின்சில்லு மணலுக்குள் சுழன்றது. சித்தப்பா இறங்கவில்லை. இரண்டாம் கியரைப் போடு, கிளச்சை மெல்ல விடு, ஆக்சிலேற்றரில் காலை வைத்ததே காருக்குத் தெரியக்கூடாது என்றார். சில்லு ஒரு தரம் கடித்தது, கார் நகர்ந்தது. கடித்துக்கொண்டிருக்கும் சில்லு வேலை செய்யும், சுழலும் சில்லு குழி தோண்டும். பனியைப் பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் இந்த மணற்பாடத்தின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது.

மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959இல் மினியை வடிவமைத்தார். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லைச் சுழல வைத்தார். இன்று தெருவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. பனிக்கும் பனிக்கட்டிக்கும் பேர் போன மொன்ரே கார்லோ ராலியை 1964இல் பாடி ஹொப்கர்க் ஒரு மினி கூப்பரில் வென்றபோது முன்சில்லின் புகழ் உறுதியாயிற்று. ஆனால் அதே ராலியை 1968இல் விக் எல்போர்டும், 1969இலும் 1970இலும் பியோர்ன் வால்டகோர்டும் வென்றது போர்ஷே 911இல். அது பின்சில்லு கார்.

காரணம் எடை. 911இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. சுழலும் சில்லின் மேலேயே காரின் பெரும்பாரம் குந்தியிருக்கும். மினியிலும் அதே கதைதான், திசை மட்டும் மாறி. சிரமப்படுவது எஞ்சின் முன்னாலும் ஓட்டும் சில்லு பின்னாலும் இருந்து, பின் பெட்டி வெறுமையாகக் கிடக்கும் கார். என் 944இல் எஞ்சின் முன்னால் இருந்தாலும் கியர்பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருக்கிறது. இரண்டையும் நடுவில் ஒரு நீண்ட குழாய் இணைக்கிறது. அதனால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. வறண்ட தெருவில் வளைவை இனிமையாக எடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பனிக்கும் உதவியது.

ரயருக்கு நான் மார்க்கத்தில் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் கொடுத்தேன். அந்தக் காருக்கு அதைவிடப் பெரிய நன்மை எதையும் நான் செய்யவில்லை. காரோடு வந்தவை கோடை ரயர்கள், 215 மில்லிமீற்றர் அகலம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடை ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியிருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் பாளங்களில் கத்தியால் கீறினாற்போன்ற நுண்ணிய வெட்டுகள் இருக்கும். அவற்றுக்குள் பனி ஏறி நிற்கும். பனியைப் பிடிப்பதில் பனியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்பதால் அது நல்லதுதான். அகலத்தையும் குறைத்து 195 போட்டேன். சேற்றில் அகன்ற ரயர் மிதக்கலாம், ஆனால் பனியில் ஒடுங்கிய ரயர்தான் கீழே வெட்டிக்கொண்டு தாரைத் தேடும். காருக்கு அழகு குறைந்தது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

முன்சில்லு கார் வைத்திருந்த பலர் வருடம் முழுவதும் ஒரே ரயரில் ஓடினார்கள். பின்சில்லுக்குப் பயந்த அவர்கள் ரயருக்குப் பயப்படவில்லை. முன்சில்லோ நான்கு சில்லோ, அது கார் புறப்படுவதற்குத்தான் கூடுதலாக உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் எந்தச் சில்லு ஓட்டுகிறது என்பது பெரிதல்ல. தெருவைத் தொடுவது ரயர். வறண்ட தாரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 12 மீற்றரில் நிற்கும் கார் வழுக்குப் பனிக்கட்டியில் 100 மீற்றர் வரை போகும். இதை அறியாமல் நான்கு சில்லு ஜீப்பில் விரைந்தவர்களைத்தான் நெடுஞ்சாலை 401இன் பள்ளத்தில் அடிக்கடி பார்த்தேன்.

பின்னால் பாரம் வைக்கும் விஷயத்தில் அண்ணைக்குத் திடமான கொள்கைகள் இருந்தன. மணல் மூட்டை வைக்க வேண்டும், ஆனால் அச்சுக்கு நேர் மேலே. அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் வால் வீச்சுக்கு அது துணைபோகும். கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திடீர் பிரேக்கில் மூட்டை முன்னுக்கு வரும். சில்லு சிக்கினால் அதே மணலை அள்ளி அடியில் போடலாம். என் காரில் கியர்பெட்டி பின்னாலேயே இருந்ததால் அதிகம் தேவைப்படவில்லை. பெற்றோல் தாங்கியும் பின்னால்தான், 80 லீற்றர். நிரப்பினால் ஏறத்தாழ 60 கிலோ. குளிர்காலம் முழுவதும் அதைப் பாதிக்குக் கீழே இறங்க விடவில்லை. வழியில் அடைபட்டு நின்றால் ஹீற்றர் போட்டுக்கொண்டு இருக்கவும் அது வேண்டும்.

பாடம் நடந்தது மூடிய கடைத்தொகுதி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், இரவு வேலை இல்லாத நாட்களில். பனி விழுந்த பின், வாரும் வண்டி வருமுன் போய்விட வேண்டும். அண்ணை பக்கத்து ஆசனத்தில் கொழுவிய பட்டியோடு இருப்பார். வெறும் 25 கிலோமீற்றர் வேகம். வட்டமாக ஓடச் சொல்வார். பிறகு, "இப்ப ஆக்சிலேற்றரிலை இருந்து காலைப் படக்கெண்டு எடும்." எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும், பின்பக்கம் இலேசாகும், வால் வெளியே போகும். "வால் போற பக்கம் ஸ்ரியரிங்கைத் திருப்பும். போதும். இனி அது திரும்பி வரப்போகுது, வரமுதல் நேராக்கும்."

இந்தக் கடைசி வசனம்தான் பாடத்தின் உயிர். வால் போகும் பக்கம் திருப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். கார் அங்கிருந்து திரும்பி வருவது முதல் வீச்சைவிட வேகமாக இருக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் சறுக்கலை வென்றவன் இரண்டாவதில்தான் சுழன்று போகிறான். கையைத் திருப்பிய கணமே அதைத் திருப்பி எடுக்கும் நேரத்தையும் உடம்பு எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கண் சொல்லாது. கண் பார்க்கும்போது காலம் பிந்திவிடும். முதுகும் இடுப்பும் சொல்லும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆசனம் தாழ்ந்து, பின் அச்சுக்குக் கிட்ட இருக்கும். பின்சில்லு ஒரு அங்குலம் விலகினாலும் இடுப்பில் தெரியும்.

"எல்லாம் பிழைச்சால் என்ன செய்யிறது அண்ணை?"

"கிளச்சை மிதியும். சில்லுகளை உருள விடும். போக வேண்டிய இடத்தைப் பாரும், மோதப்போற இடத்தைப் பாராதையும்."

வறண்ட தெருவில் 120இல் நடப்பது பனியில் 25இல் நடக்கிறது. அதே சாய்வு, அதே வீச்சு, அதே மீட்பு, ஆனால் யோசிக்க இடம் விட்டு. பந்தயக்காரர்கள் பெரும் பணம் செலவழித்துக் கற்கும் விஷயத்தை வெறும் கார் நிறுத்துமிடமும் ஒரு நல்ல மனிதரும் எனக்குக் கொடுத்தார்கள். வால் முதன்முறை வெளியே போய் என் கைக்குப் பணிந்து திரும்பி வந்த அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன்.

1999 ஜனவரி ரொறொன்ரோவில் யாரும் மறக்காத மாதம். புத்தாண்டு பிறந்த கையோடு கொட்டத் தொடங்கியது. இரண்டு வாரத்துக்குள் ஒரு முழுக் குளிர்காலத்துக்குரிய பனி விழுந்துவிட்டது. குவிக்க இடம் இல்லாமல் தெருவோரம் ஆளுயர மதில் எழுந்தது. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். மற்ற மாகாணத்தவர்கள் இன்று வரை ரொறொன்ரோவை அதற்காகக் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலியில் பங்கில்லை. பொங்கலை ஒட்டிய நாட்களில் ஒருநாள், விடியும் வேளையில், வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வாரும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனி வரம்பு சந்தியை மறித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் தீயணைப்புக் குழாயடியில் சில சிப்பாய்கள் மண்வாரியோடு நின்றார்கள். ஒருவன் கையைக் காட்டினான்.

ஊரில் ஆமி கையைக் காட்டினால் விளக்கை அணைத்து, காரை நிறுத்தி, இறங்கி நடக்க வேண்டும். அந்தப் பழக்கம் மண்டையில் இல்லை, காலில் இருந்தது. கால் விறைத்தது. பின்சில்லு சுழன்று கார் வரம்பில் குந்தியது. அவன் கிட்ட வந்தான். இருபது வயது இருக்கும். யன்னலைத் தட்டவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. மண்வாரியால் பின்சில்லுக்கு முன்னால் இருந்த பனியை அள்ளி எடுத்தான். இன்னொருவன் பின்னால் போய்க் கண்ணாடிக் கதவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்தான். இரண்டாம் கியர், கிளச் மெல்ல. சில்லு கடித்தது. வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு அதைச் சொன்னபோது அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அந்த ஆண்டு பெப்ரவரியில் ஓவன் சவுண்டுக்குப் போக வேண்டி வந்தது. அக்கா குடும்பம் அங்கே ஒரு சிறு கடை வைத்திருந்தது. அத்தான் காய்ச்சலில் விழுந்துவிட்டார், கடையில் நிற்க ஆள் வேண்டும். நெடுஞ்சாலை 400இல் பரி வரை போய், பிறகு 26ஆம் வீதியில் கொலிங்வூட், மீபோர்ட் ஊடாகப் போனேன். ஜோர்ஜியன் குடாவை அணைத்துப் போகும் வீதி அது.

அந்தப் பக்கத்துப் பனி வேறு. வடமேற்கிலிருந்து கடுங்குளிர் காற்று இன்னும் உறையாத ஏரி நீரின் மேல் வரும். நீரின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு கரையேறியதும் கொட்டும். ஒடுங்கிய பட்டைகளாக வரும். பட்டைக்கு வெளியே நீல வானம், வெயில். உள்ளே போனால் போனற்றுக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொலிங்வூட் தாண்டியதும் அப்படி ஒரு பட்டைக்குள் நுழைந்தேன். முன்விளக்குகளைக் காலையிலிருந்தே எழுப்பி வைத்திருந்தேன். மடக்கி வைத்தால் ஓரத்தில் நீர் உறைந்து மூடி எழும்பாது. அந்தக் காரைப் பனியில் ஓடும் எவரும் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொள்வார்கள். முன்னே போன லொறியின் சிவப்பு விளக்கைத் தொலைத்துவிடாமலும் அதற்குக் கிட்டப் போய்விடாமலும் ஓடினேன். ஸ்ரியரிங் திடீரென்று இலேசானால் கீழே பனிக்கட்டி என்று பொருள். கனமானால் பனி ஆழம். பழைய கார் தெருவில் உள்ளதை உள்ளபடி கைக்கு அனுப்பியது.

ஓவன் சவுண்ட் நயாகரா மலைவிளிம்பின் பள்ளத்தில் இருக்கும் ஊர். எந்தப் பக்கத்தால் வந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். கிழக்குப் பக்க இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது வெப்பநிலை ஏறி, பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அது நல்ல செய்தி அல்ல. கழித்தல் 20இல் பனிக்கட்டி வறண்டு, ரயருக்கு ஓரளவு பிடி கொடுக்கும். பூச்சியத்தை நெருங்கினால் அதன் மேல் நீர்ப்படலம் படரும். மிக மோசமான வழுக்கல் அப்போதுதான்.

இறக்கத்தில் பின்சில்லு காருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டினால், அந்தக் கட்டு முழுவதும் பின்சில்லில் மட்டும் விழும். பனிக்கட்டியில் அது கைப்பிரேக்கை இழுத்ததற்குச் சமம். ஊரில் மலைப்பாதைக்குச் சொல்லித் தந்த "ஏறும் கியரிலேயே இறங்கு" என்ற விதி இங்கே செல்லாது. உச்சியிலேயே வேகத்தை நன்றாகக் குறைத்து, மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை நான்கு சில்லுக்கும் விழும்படி மெல்ல மெல்லத் தொட்டு இறங்கினேன்.

பாதி இறக்கத்தில், குறுக்குத்தெரு சந்திக்கும் இடத்தில், வண்டிகள் நின்று நின்று போய்த் தெரு கண்ணாடியாகியிருந்தது. அங்கே இடுப்புக்குத் தெரிந்தது, பின்பக்கம் வலப்புறம் விலகுகிறது. கிளச்சை மிதித்தேன். எஞ்சின் விடுபட்டது, சில்லுகள் உருண்டன. பார்வை கீழே துறைமுகப் பக்கம், தெருவின் நடுவில். கைகள் வலப்புறம் ஒரு சாண் திரும்பி, கார் நிமிரத் தொடங்குமுன்பே திரும்பி வந்தன. இரண்டாம் வீச்சு வரவில்லை. எதிரே ஏறி வந்த வானின் சாரதி எதையும் கவனித்திருக்க மாட்டார். கிளச்சை விடும்போது எஞ்சின் வேகத்தைச் சிறிது ஏற்றிச் சில்லின் வேகத்துக்குச் சமப்படுத்தி விட்டேன், கார் ஒரு சிறு குலுக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கீழே வந்து சேர்ந்தபோது பயத்தைவிடப் பெரிதாக எனக்குள் இருந்தது நன்றி. அண்ணைக்கு, சித்தப்பாவுக்கு, அந்தக் காரைச் செய்த கைகளுக்கும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பழைய கார்களைக் கொல்வது பனி அல்ல, உப்பு. ஓவன் சவுண்டுக்குத் தெற்கே, ஹூரோன் ஏரிக்கரையில் உள்ள கோட்ரிச் என்ற ஊரில், 1866இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்குப் பாறை உப்பு அகப்பட்டது. இன்று உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கே ஏரிக்கு அடியில், 500 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் இருக்கிறது. ஒன்ராறியோ வீதிகளில் கொட்டுவதில் அந்த உப்பும் உண்டு. ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, லொறி லொறியாக உப்பைத் தெருவில் தூவிக்கொண்டு போவதைப் பார்க்க முதலில் மனம் பதறும். கழித்தல் 10க்குக் கீழே போனால் அதன் வேலையும் பெரிதாக நடக்காது, அப்போது மணலைத்தான் நம்புவார்கள். 944இன் உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய தகடு. அதனால் அதே வயதுடைய மற்றக் கார்கள் கதவடியில் இற்றுப்போன பின்னும் அது நின்றது. இருந்தாலும் குளிர் தணிந்த நாட்களிலெல்லாம் அடிப்பக்கத்தைக் கழுவினேன். உறைநிலைக்கு மேலே போகும் நாட்களில்தான் உப்பு வேகமாக அரிக்கும் என்பதால், அந்த நாட்களைத் தவறவிடவில்லை.

அப்படிச் சில குளிர்காலங்கள் ஓடினேன். பிறகு பிள்ளை பிறந்தாள், குழந்தை ஆசனம் வைக்கப் பெரிய கார் தேவைப்பட்டது. அதற்குப் பின் கார்களும் மாறின. கனடாவில் 2011 செப்ரெம்பரிலிருந்து உற்பத்தியாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். கார் சறுக்கத் தொடங்கியதைக் கண்டுபிடித்து, தேவையான சில்லில் மட்டும் பிரேக் போட்டு, ஓட்டுபவர் உணருமுன்பே காரை நேராக்கும். உயிர்களைக் காக்கும் அந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அது பிடியை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடியைப் பங்கிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது மகள் ஒரு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறாள். பார்த்தால் பின்சில்லு. பற்றரியைத் தரையில் பரப்பி, மோட்டரைப் பின் அச்சில் வைத்துவிட்டால் எடையும் சரியாக விழுகிறது, செலவும் குறைகிறது என்று பல நிறுவனங்கள் மறுபடி பின்சில்லுக்கு வந்துவிட்டன. எனக்கு அன்று புத்திமதி சொன்னவர்களின் பிள்ளைகள் பிரம்ரனிலும் ஏஜக்ஸிலும் அதே வகைக் கார்களைத் தெரியாமலே ஓடித் திரிகிறார்கள். அவளுடைய காரில் கிளச் இல்லை. ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் மோட்டரே பிரேக்காகி மின்சாரத்தைத் திருப்பி எடுக்கிறது, அதுவும் பின்சில்லில் மட்டும். ஓவன் சவுண்ட் இறக்கத்தில் எஞ்சின் செய்ததை இதுவும் செய்யும். மென்பொருள் சட்டென்று தலையிட்டு விடுவிக்கும் என்றாலும், வழுக்கும் நாளில் அந்த இழுவையைக் குறைத்து வைப்பது நல்லது என்றேன். திரையில் தேடி, அந்த அமைப்பைக் கண்டுபிடித்துக் குறைத்தாள்.

"அப்பா, இது ஏன் ஒருத்தரும் சொல்லித் தரேல்லை?"

ரயர் ஏற்கெனவே மாற்றியாயிற்று. வெள்ளி இரவு பனி என்று வானிலை அறிக்கை சொல்கிறது. சனிக்கிழமை விடியற்காலை, வாரும் வண்டி வருமுன், பழைய கடைத்தொகுதிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அண்ணையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், எண்பது வயதிலும் முன் ஆசனம்தான் வேண்டுமாம்.